ஒரு துளி உலோகமும் ஒரு டிக் சத்தமும்

ஜூன் 3, திங்கள்

இன்று காலை 11.20க்குத் துளி நகர்ந்தது.

ஆய்வுக்கூடப் பதிவேட்டில் எழுதிவிட்டேன்: "பன்னிரண்டு வோல்ட்டில் துளி இடமிருந்து வலம் நகர்ந்தது. இணைப்பு ஏற்பட்டது." அதில் அவ்வளவுதான் எழுதலாம். ரோமால்டு கையுறையைக்கூடக் கழற்றாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கியதையோ, நான் இருபத்திரண்டு வருட சர்வீஸில் முதல்முறையாக விசிலடிக்க முயன்று வெறும் காற்று வந்ததையோ எழுத முடியாது. அதற்காகத்தான் சாயங்காலம் காந்திபுரத்தில் இறங்கி இந்த நோட்டை வாங்கினேன்.

துளி என்றால் உலோகத் துளி. காலியமும் இண்டியமும் கலந்தது. கோயம்புத்தூர்க் குளிரிலும் உறையாமல் தண்ணீர்போல இருக்கும். ஒரு கடுகுக்குள் சில ஆயிரம் துளிகளை அடைத்துவிடலாம், அவ்வளவு சிறியது. சிப்பின் மேல் முடியளவு ஓர் ஓடை. அதில் துளியை உட்காரவைத்து, பக்கத்தில் மின்னழுத்தம் கொடுத்தால் அந்தப் பக்கம் போய் இரண்டு முனைகளைத் தொடும். சுவிட்சு போட்டாயிற்று. எதிர்ப்பக்கம் கொடுத்தால் திரும்பிவரும். அணைத்தாயிற்று. தேய்மானம் கிடையாது, தொடும்போது துள்ளல் கிடையாது.

துளியும் ஓடையும் ரோமால்டின் வேலை. அதை நகர்த்தும் சர்க்யூட் என் வேலை.

ரோமால்டு தூத்துக்குடி ஆள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்திருக்கிறார். மேசை இழுப்பறையில் எப்போதும் மக்ரூன் பாக்கெட் இருக்கும். இன்று அதை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் பள்ளியில் கணக்கு வாத்தியார், அளந்துதான் பேசுவார். "நல்லது சாந்தா" என்றார். பிறகு, "கூட்டு வெச்சாச்சா?" என்றார்.

"கூட்டு வெக்கலைங்க, பொரியல்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்தார்.

ஜூன் 10, திங்கள்

எங்கள் பிரிவுத் தலைவர் வனஜா மேடம் இன்று எல்லோரையும் அழைத்துப் பேசினார். இந்தச் சுவிட்சு முதலில் எதற்குப் போகப்போகிறது என்று முடிவாகிவிட்டது. காதுக்கருவிக்கு.

காதுக்கருவியில் இரண்டு ஒலிவாங்கிகள். ஒன்று எதிரில் இருப்பவர் பேச்சை மட்டும் வாங்கும், இன்னொன்று சுற்றியுள்ள எல்லாவற்றையும் வாங்கும். இடத்துக்கு ஏற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும். வழக்கமான மின்னணுச் சுவிட்சு அணைத்தாலும் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். எங்களுடையது அணைத்தால் அணைந்ததுதான்.

இரண்டு நிபந்தனைகள். பத்து லட்சம் முறை தவறாமல் மாற வேண்டும். மாறும்போது காதில் எந்தச் சத்தமும் வரக் கூடாது. செப்டம்பர் 20 அன்று வெளியிலிருந்து வல்லுநர் குழு வந்து பார்க்கும்.

"இருபதாந்தேதி நல்லபடியா முடிஞ்சா ரோமால்டோட ஒப்பந்தமும் நீளும்" என்றார் வனஜா மேடம். முடியாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. ரோமால்டின் மனைவி மாசமாக இருக்கிறார், செப்டம்பர் கடைசியில் தேதி.

கூட்டத்தில் வனஜா மேடம் பேசியதில் பாதியை முன்வரிசையில் இருப்பவர்களுக்கு மட்டும் சொன்னார். மைக் வைத்துப் பேசினால் என்ன?

சென்னையிலிருந்து மகள் நிறைமதி போன் செய்தாள். அவள் விடுதியில் டவர் சரியில்லை. வாட்ஸப்பில் எழுதச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 19, புதன்

ஏழாம் நம்பர் சிப் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்பதை நேர்மையாக எழுதிவிடுகிறேன்.

நான் அளவைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோமால்டு அந்தப் பக்க மேசையில் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். ஏதோ சொன்னார். பசிக்குது மேடம் என்றார்.

"போயிச் சாப்புட்டு வாங்க" என்றேன்.

தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுபடியும் அதையே சொன்னார். மணி பன்னிரண்டேகால்தான். சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு முறை சொல்கிறாரே என்று என் டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினேன். "தக்காளி சாதம் இருக்குது, இத மொதல்ல சாப்புடுங்க."

ரோமால்டு பாய்ந்துவந்து என் பக்கத்திலிருந்த மின்சுவிட்சை அணைத்தார். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. ஓடை ஒரு பக்கம் விரிந்து, துளி வெளியே வழிந்து, சிப்பின் அலுமினியக் கம்பிகள்மேல் ஏறியிருந்தது. காலியம் அலுமினியத்தைத் தொட்டால் விடாது. நுண்ணோக்கியில் பார்த்தேன். பளபளவென்று இருந்த கம்பிகள் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தன.

"நான் 'கசியுது'ன்னு சொன்னேன் மேடம்."

இரண்டு பேரும் டிபன் பாக்ஸைப் பார்த்தோம். அவர்தான் முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். ஐந்து வாரத்து வேலை.

காற்றோட்ட விசிறி போடுகிற இரைச்சலில் யார் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஜூன் 20, வியாழன்

விசிறியைச் சரிபார்க்கச் சொல்லி எழுதிக்கொடுத்தேன்.

ஜூன் 24, திங்கள்

பராமரிப்புப் பிரிவிலிருந்து ஆள் வந்தார். ஏப்ரலிலேயே புது விசிறி மாட்டிவிட்டார்களாம். சத்தமே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 4, வியாழன்

நல்ல நாள். கசிவுக்கு வழி கிடைத்துவிட்டது.

அடிச் சிப் வெளியிலிருந்து வருகிறது. அதன் மேலே ஓடை, முனைகள், இணைப்புக் கம்பிகள் எல்லாவற்றையும் நாங்களே போடுகிறோம். ரோமால்டு அலுமினியத்தின் மேல் மெல்லிய டங்ஸ்டன் படலம் ஒன்றைப் பரப்பி மூடிவிட்டார். காலியத்தின் ஜம்பம் டங்ஸ்டனிடம் நடக்காது. வேண்டுமென்றே துளியை வெளியே வழியவிட்டுப் பார்த்தோம். வெள்ளிப் பொட்டுபோல உட்கார்ந்திருந்தது. அடுத்த நாள் அல்ல, அடுத்த வாரம் பார்த்தாலும் அப்படியே இருக்கும் என்றார். ஓடைக்குள் காற்றுக்குப் பதில் நைட்ரஜனை அடைத்து மூடிவிட்டதால் காற்று பட்டுத் துளியின் மேல் ஆடை படிவதும் நின்றுவிட்டது.

பத்தாயிரம் முறை ஓட்டினோம். ஒரு முறைகூடப் பிசகவில்லை. ரோமால்டு ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஒரு மக்ரூன் தின்றார். எட்டாயிரத்தில் நிறுத்திவிட்டார்.

வீட்டில் கேசரி செய்தேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்று காதுக்குள் கேட்கிற சோதனை. சிப்பை ஒலிவாங்கிகளோடு இணைத்து, காதணிபேசியை, அதாவது ஹெட்போனை, மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நான் பொத்தானை அழுத்தி மாற்றிக்கொண்டிருந்தேன்.

வனஜா மேடம் முகத்தைச் சுளித்தார். "மாறும்போது ஒரு டிக் வருதே."

ரோமால்டும் கேட்டார். "ஆமா மேடம், டிக்குன்னு வருது."

நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன். இருபது முறை மாற்றினேன். ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது. எதிர்பார்த்து எதிர்பார்த்து மனசுக்குள்ளேயே ஒரு டிக்கைக் கேட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அளவைத் திரையில் மாறும் கணத்தில் கோட்டில் ஒரு குட்டி முள் துருத்திக்கொண்டு தெரிகிறது. எனக்குத் தெரியாமல் இல்லை, மே மாதத்திலிருந்தே தெரியும். இத்தனை சின்ன முள் காதுக்கு எட்டாது.

"அப்படியே சத்தம் வந்தாலும் அது துளி முனையை விட்டுப் பிரியறப்ப வர்றதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். "சர்க்யூட்ல ஒண்ணுமில்ல."

இருபத்திரண்டு வருட அனுபவம் சொன்னால் யார் மறுப்பார்கள்? ரோமால்டு எல்லா ஓடைகளையும் திறந்து முனைகளைத் திரும்பப் போடப்போகிறார்.

ஜூலை 22, திங்கள்

ரோமால்டு முனைகளை வட்டமாக்கிப் பார்த்தார். டிக் வருகிறதாம். சாய்வாக்கிப் பார்த்தார். வருகிறதாம். இந்த வாரம் துளியின் அளவை மாற்றப்போகிறார். சனிக்கிழமை ஊருக்குப் போவதாக இருந்தவர் போகவில்லை.

இழுப்பறையில் மக்ரூன் தீர்ந்துவிட்டது. நான் வாங்கி வைத்தேன். இங்கே கிடைப்பது தூத்துக்குடி மாதிரி இல்லை என்றாலும் வாங்கி வைத்தேன்.

ஜூலை 31, புதன்

மழைக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு ரோமால்டு ஒரு சிப்பை எடுத்துவந்தார். அதில் துளியே இல்லை. துளி தொட வேண்டிய இரண்டு முனைகளையும் ஒரு தங்கக் கம்பியால் நிரந்தரமாக இணைத்திருந்தார். நகர்வதற்கு ஒன்றுமில்லை, பிரிவதற்கு ஒன்றுமில்லை.

"இதுல உங்க சர்க்யூட்ட மட்டும் ஓட்டுதேன் மேடம்" என்று எதிரில் நின்று சொன்னார். காதணிபேசியை என்னிடம் கொடுத்தார். "இப்பவும் டிக் வருது. கேளுங்க."

கேட்டேன். ஒன்றும் வரவில்லை. சொன்னேன்.

அவர் காதணிபேசியைத் திருப்பி வாங்கவில்லை. நான் திரும்பி உட்கார்ந்து திரையில் வேலையைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சுற்றிவந்து என் முன்னால் நின்றார்.

"மேடம், தப்பா எடுத்துக்கிடாதீங்க. இப்ப ஒங்க பின்னால நின்னு மூணு மட்டம் கூப்பிட்டேன்."

"வேலையா இருந்தேன்" என்றேன்.

"சரி மேடம்."

"வேலையா இருக்கறப்பக் கூப்பிட்டா எப்படிக் கேக்கும்?"

"சரி மேடம். வனஜா மேடத்துக்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மழை வரும்போல இருந்தது.

ஆகஸ்டு 1, வியாழன்

விடுப்பு. அலமாரி துடைத்தேன். மூன்று தட்டும்.

ஆகஸ்டு 2, வெள்ளி

இன்றும் விடுப்பு. துடைக்க அலமாரி இல்லை.

வீட்டுக்காரர் பள்ளிக்குப் போகவில்லை. காப்பி போட்டுக்கொண்டுவந்து என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முகத்துக்கு நேராக, நிதானமாகப் பேசினார். இவர் எப்போதுமே இப்படித்தான் பேசுகிறார், எதிரில் வந்து உட்கார்ந்து. வெளியே போனால் எப்போதும் என் வலதுபக்கமாகவே நடப்பார். கணக்கு வாத்தியாரின் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"சாந்தா, நாலு வருசமாச்சு."

"என்னது நாலு வருசம்?"

"உனக்குக் காது மந்தமாயி."

நான் காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"கூட்டு வெக்கலைன்னு சொன்னியே, அன்னிக்கி நான் 'பூட்டு போட்டாச்சா'ன்னுதான் கேட்டேன்."

எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்து, அது எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவர் காப்பி டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, முன்னாடியே சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னேன். ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் டிவி சத்தத்தக் கூட்டி வெச்சுட்டு நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னே."

மதியம் செவித்திறன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ஃபர்ஹானா என்ற பெண்தான் சோதித்தார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார். ஆரம்பத்தில் விரல் ஓயவில்லை. அப்புறம் நீண்ட நேரம் அமைதி. கண்ணாடிக்கு வெளியே ஃபர்ஹானாவின் கை பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். அமைதி இல்லை அது. எனக்கு வராத சத்தங்கள்.

வரைபடத்தைக் காட்டினார். விளக்கப்போனார். வேண்டாம் என்றேன், இதைப் படிக்கிறதுதான் என் தொழில். தாழ்ந்த சுருதி நன்றாகப் போகிறது. ஒரு புள்ளிக்குமேல் கோடு சறுக்கிக்கொண்டு கீழே விழுகிறது. இப்படி ஒரு வடிப்பானை நான் சர்க்யூட்டில் கட்டியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

"மெல்லிசான சத்தங்கள், கிளிக், டிக் இதெல்லாம் உங்களுக்கு வராதுங்க மேடம்" என்றார் ஃபர்ஹானா.

"தெரியும்" என்றேன். "ஒரு டிக் என்கிட்ட மாட்டிக்கிட்டு நிக்குது."

ஆகஸ்டு 5, திங்கள்

இரவெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் நினைவுக்கு வரவில்லை. வனஜா மேடத்தின் அறையில் ரோமால்டையும் நிற்கவைத்துக்கொண்டு நேராகச் சொன்னேன். டிக் என் சர்க்யூட்டிலிருந்து வருகிறது. திரையில் அந்த முள்ளைத் துளி நகர்வதற்கு முன்பே, மே மாதத்திலேயே பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை என்பதால் யாருக்கும் கேட்காது என்று முடிவு செய்தேன். எனக்கு ஏன் கேட்கவில்லை என்பதற்கு இதோ வரைபடம்.

வனஜா மேடம் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மூணு வாரம் இவரை வீணா அலையவெச்சுட்டேன்" என்றேன்.

"வீணில்ல மேடம்" என்றார் ரோமால்டு. "வட்ட முனைதான் நல்லா நிக்குது. அது இந்த மூணு வாரத்துலதான தெரிஞ்சுது?"

வெளியே வந்து வராந்தாவில் தனியாகவும் மன்னிப்புக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். "முகத்தப் பாத்துச் சொல்லுங்க, கேக்கல" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னேன். கேக்கல. சொன்னதும் தோளிலிருந்து அரிசி மூட்டையை இறக்கியதுபோல இருந்தது.

அவர் நிமிர்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நாப்பத்தஞ்சு நாளு இருக்கு மேடம். முடிச்சிருவோம்."

ஆகஸ்டு 14, புதன்

என்ன கோளாறு என்று இப்போது தெளிவாகிவிட்டது. துளியை நகர்த்த நான் பன்னிரண்டு வோல்ட்டை ஒரே அடியாக அடிக்கிறேன். பக்கத்திலேயே ஒலிக் கம்பி போகிறது. அந்த அடியின் அதிர்ச்சி அதில் ஏறிக் காதில் டிக் என்று விழுகிறது. இரண்டு காரியம் செய்ய வேண்டும். மின்னழுத்தத்தை அடியாகக் கொடுக்காமல் சரிவாக ஏற்றிச் சரிவாக இறக்க வேண்டும். ஒலிக் கம்பியை மேல்படலத்தில் சிப்பின் அந்த ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு தடுப்புக் கம்பி போட வேண்டும்.

சரிவு மெதுவாக இருந்தால் துளி கிளம்ப மறுக்கிறது. வேகமாக இருந்தால் டிக். இரண்டுக்கும் நடுவில் இடம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறோம். ரோமால்டு துளியைப் பார்க்கிறார், நான் முள்ளைப் பார்க்கிறேன். காலையிலிருந்து மாலைவரை "ஏத்துங்க", "எறக்குங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

சந்தோஷமாக இருக்கிறது.

ஆகஸ்டு 19, திங்கள்

ஃபர்ஹானா இரண்டு காதுக்கும் கருவி மாட்டிவிட்டார். ஒரு மாதம் போட்டுப் பழகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் பேப்பர். கையெழுத்துப் போடக் கொடுத்த படிவம் கையில் கரகரவென்று கத்தியது. அப்புறம் என் சேலை. நடக்க நடக்க சரக் சரக்கென்று என்னோடு ஒரு ஆள் வருகிறமாதிரி இருந்தது. பஸ்ஸில் தலைவலியே வந்துவிட்டது. உலகத்தில் இவ்வளவு தேவையில்லாத சத்தம் இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் பழைய சிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் இணைக்கச் சொன்னேன். ரோமால்டு பொத்தானை அழுத்தினார்.

டிக்.

"இன்னொரு தடவ."

டிக்.

"ஐயோ, எவ்வளவு அசிங்கமா இருக்கு!" என்று கத்திவிட்டேன். "இதையா நான் சுத்தமா இருக்குன்னு சொன்னேன்?"

ரோமால்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பிள்ளைபோல முப்பது முறை அழுத்திக் கேட்டேன். என் வாழ்நாளில் ஒரு கோளாறைப் பார்த்து இவ்வளவு ஆனந்தப்பட்டதில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

புதுப் படலம் போட்ட சிப் தயாராகிவிட்டது. பதினோராம் நம்பர்.

ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்தோம். ரோமால்டு அழுத்தினார். எல்லோரும் தலையைச் சாய்த்துக் கேட்டோம். மறுபடி அழுத்தினார். மறுபடி கேட்டோம். பக்கத்துப் பிரிவிலிருந்து வந்தவர்கள் கதவில் நின்று, ஐந்து பேர் சேர்ந்து ஒன்றுமில்லாததை இப்படிக் காதுகொடுத்துக் கேட்பதை வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒண்ணும் வரல" என்றார் வனஜா மேடம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கருவி மாட்டிய காதோடு குனிந்து நானும் கேட்டேன்.

"வரல" என்றேன். இந்த முறை என் வார்த்தையை நம்பலாம்.

செப்டம்பர் 19, வியாழன்

நேற்றுக் காலையிலிருந்து சிப் ஓடுகிறது. வினாடிக்குப் பத்து முறை. பத்து லட்சத்துக்கு ஒரு நாளும் நாலு மணி நேரமும் ஆகும். மதியம் ஒன்றே முக்காலுக்கு எண்ணும் கருவி பத்து லட்சத்தைத் தாண்டியது. ஒரு பிசகும் இல்லை. நிறுத்தவில்லை, ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.

செப்டம்பர் 20, வெள்ளி

குழு வந்தது. மூன்று பேர். மூத்தவர் காதணிபேசியை மாட்டிக்கொண்டார். நான் அழுத்தினேன். அவர் காத்திருந்தார்.

"ம், ஆரம்பிங்க."

"ஆறு தடவ மாறிடுச்சு சார்."

நம்பாமல் திரையைப் பார்த்தார். தாமே பொத்தானை வாங்கி அழுத்திப் பார்த்தார். ஒலிவாங்கி மாறுகிறது, எதிரே நிற்கும் என் குரல் மட்டும் தனியாக வருகிறது, மாறிய இடம் தெரியவில்லை. பத்து நிமிடம் பொத்தானை யாருக்கும் கொடுக்கவில்லை.

பிறகு என் காதைக் கவனித்தார். "நீங்களும் போட்டிருக்கீங்களே?"

"ஆமாம் சார். ஒரு மாசமா. அதனாலதான் இதுல எது வேணும், எது வேண்டாம்னு தெரியுது."

அவர் தம் தாளில் ஏதோ எழுதி அடிக்கோடிட்டார். மாலை வனஜா மேடம் எங்கள் அறைக்கே வந்து சொன்னார். திட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம். ரோமால்டுக்கும் மூன்று வருடம். ரோமால்டு வராந்தாவுக்குப் போய் ஊருக்குப் போன் போட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் அவர் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது.

செப்டம்பர் 27, வெள்ளி

ரோமால்டுக்குப் பெண் குழந்தை. அதிகாலையில் பிறந்ததாம். ஊரிலிருந்து அழைத்து, போனைக் குழந்தையின் பக்கத்தில் வைத்தார். வீறிட்டு அழுதது. காதுக்கருவி திணறிவிட்டது.

"எந்தச் சுருதின்னு சொல்லுங்க மேடம்" என்றார்.

"மூணு கிலோஹெர்ட்ஸ். சுத்தமா வருது" என்றேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

எங்கள் சிப்பை வைத்து, மாட்டிக்கொண்டு நடமாடக்கூடிய முதல் கருவியைச் செய்துவிட்டோம். தீப்பெட்டி அளவு, இடுப்பில் செருகிக்கொள்ளலாம். ஒயர் கூந்தலுக்குள் போய்விடும். ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பார்க்க ஃபர்ஹானா அனுமதி கொடுத்திருக்கிறார்.

மருத்துவமனைக் கருவியை வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடுவேன், காது அரிக்கும். இது அரிக்கவில்லை. மாட்டியிருப்பதே தெரியவில்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, இரண்டு பேருக்கும் விடுமுறை. இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

காலையில் வீட்டுக்காரர் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டிருந்தார். "எத்தன தடவ சொல்றதுங்க?" என்றேன்.

"எடுத்தர்றேன் சாந்தா" என்றார். துண்டை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அப்போது, மெதுவாக, சுவரிடம் சொல்வதுபோல:

"உத்தரவுங்க கலெக்டரம்மா."

எனக்குத்தான் பிரமை என்று நினைத்தேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடியது. சொன்னேன். "அணைச்சர்றேன்" என்று போனார். போகிற வழியில்:

"இந்த வூட்டு ஃபேனுக்கெல்லாம் நாந்தான் வாட்ச்மேன்."

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். இருபத்தாறு வருடமாக அளந்து பேசுகிறவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

அக்டோபர் 3, வியாழன்

இன்று கேட்டவை.

உருளைக்கிழங்கைப் பெரிதாக நறுக்கியதற்கு: "ஸ்கேலு கொண்டா, அளந்து வெட்டறேன்."

செருப்பை வாசலில் தாறுமாறாக விட்டதற்கு: "செருப்புக்கும் அட்டென்டன்ஸ் எடுப்பாங்க."

மூன்றாவதை எழுத மாட்டேன். அது என் தம்பியைப் பற்றியது. உண்மைதான்.

அக்டோபர் 4, வெள்ளி

நிறைமதிக்குப் போன் செய்தேன். இப்போதெல்லாம் அவள் விடுதியில் டவர் நன்றாக இருக்கிறது. அப்பா இப்படியெல்லாம் பேசுகிறார் என்றேன்.

"அம்மா, உனக்கு இப்பத்தான் தெரியுமா? உனக்குக் கேக்காமப் போனதுலருந்து அப்பா இப்படித்தான், சாப்பிடறப்ப நான் அதக் கேட்டுத்தான சிரிப்பேன்!"

டிவியைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் என்னவோபோல இருந்தது. இத்தனை சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்து நான் பாட்டுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்பாகிட்ட சொல்லிட்டயா?"

"இல்ல. இன்னும் நாலு நாள் போகட்டும்."

அக்டோபர் 5, சனி

நாலு நாள் தாங்கவில்லை.

காலையில் அவர் ரத்த அழுத்த மாத்திரையை மறந்திருந்தார். நேற்றும் மறந்திருக்கிறார், அட்டையில் எண்ணிப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விளையாட்டா இது, உடம்புக்கு ஒன்று வந்தால் யார் பார்ப்பது, கணக்கு வாத்தியாருக்கு ஒரு மாத்திரையைக் கணக்கு வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று நிறுத்தாமல் கொட்டித் தீர்த்தேன். மாத்திரையை விழுங்கினார். டம்ளரைக் கழுவ சிங்க் பக்கம் திரும்பினார். தண்ணீர்ச் சத்தம். நான் காத்திருந்தேன்.

"இன்னும் முப்பது வருசத்துக்கு இப்படியே திட்டிட்டு இரு சாமி. எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டேன்.

"முப்பது பத்தாதுங்க. நாப்பதுன்னு வெச்சுக்கலாம்."

டம்ளர் சிங்கில் விழுந்தது. அவர் திரும்பவில்லை. குழாயை மூடினார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுது."

"எப்ப இருந்து?"

"புதங்கெழம காத்தாலருந்து."

இப்போது திரும்பினார். விரல்களை மடக்கி நாட்களை எண்ணினார்.

"கலெக்டரம்மா?"

"அதுவும்."

"வாட்ச்மேன்?"

"அதுவுந்தான். என்ற தம்பியச் சொன்னதும்."

கணக்கு வாத்தியாருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப இனிமே நான் எங்கபோயிப் பேசுறது?" என்றார்.

"நேரா எங்கிட்டயே பேசுங்க."

பேசினார். இன்று இட்லி ஊற்றப் பத்தரை மணி ஆகிவிட்டது.